மலைத்தோட்டத்து இல்லம்

சேலம் மாநகரில் நின்று வடகிழக்கே நோக்குவார்க்கு, வானத்தின் விளிம்பில் நீலத்திரை கட்டினாற்போலத் தோன்றுவது சேர்வராயன் மலை. காலையில் அதன் முடியை வெண்முகில் மூடும். நண்பகலில் முகில் விலகப் பசுமை வெளிப்படும். மாலையில் அப்பசுமையே கருநீலமாய் மாறும். மலைப்பாதை இருபது கொண்டையூசி வளைவுகளில் வளைந்து வளைந்து ஏறுகிறது. வளைவுதோறும் வெப்பம் சிறிது சிறிதாகக் குறைகிறது. புளியும் வேம்பும் பின்தங்க, மூங்கில் எதிர்ப்படுகிறது. மூங்கிலும் பின்தங்கக் காப்பிச் செடிகளும், அவற்றுக்கு நிழல் தரும் நெடுமரங்களும் எதிர்ப்படுகின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி. அதனைச் சூழக் காடு. ஏரியும் காடும் கூடிய இடமாதலின் ஏர்க்காடு எனப் பெயர் பெற்றது என்பர்.

இம்மலையில் உழவு நேற்றுத் தோன்றியதன்று. இங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகக் கூறுவர். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்களுடைய பழைய பயிர்கள். மலையின் உச்சியில், குகைபோன்ற கோயிலில் உறையும் சேர்வராயனுக்கு அவர்கள் ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா எடுக்கின்றனர். அவர்களுக்கும் முற்பட்ட மக்கள் தீட்டி மெருகிட்ட கற்கோடரிகள் இம்மலையில் கிடைத்துள்ளன. அவற்றைத் தேடித் தொகுத்தவர் நில நூல் அறிஞர் இராபர்ட்டு புரூசு பூட்டு என்பவர். 1863-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொன்மையை உலகுக்கு உணர்த்தியவர் அவரே. ஓய்வுபெற்ற பின் அவர் ஏர்க்காட்டில் வீடு அமைத்து வாழ்ந்தார். 1912-இல் மறைந்த அவருடைய நினைவிடம் ஏர்க்காட்டுத் தேவாலய வளாகத்தில் உள்ளது.

பூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் என்னும் கிறித்தவத் தொண்டர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய காலத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவர். தமிழ்நாட்டு மக்களின் வாயில் வழங்கிய பழமொழிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அவர் திரட்டி நூலாக்கினார். 1882-ஆம் ஆண்டு அவர் உயிர் நீத்ததும் ஏர்க்காட்டிலேயே. மருமகன் கல்லைக் காத்தார்; மாமனார் சொல்லைக் காத்தார். கிடைத்ததைக் கெடாமல் காத்துப் பின்வருவோர்க்கு அளிக்கும் பண்பு இம்மலைக்குப் புதிதன்று.

மேலைநாட்டுக் கனிகளும் காப்பியும் இம்மலையில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்தவர் எம். டி. காக்பர்ன். அவர் மலைமேல் தோட்டம் அமைத்து, காப்பி, ஆரஞ்சு, பேரி முதலியவற்றை நட்டு வளர்த்தார். அத்தோட்டம் இருந்த இடம் கிரேஞ்சு என வழங்குகிறது. பின்னர் அவர் குடும்பத்தோடு நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரிக்குச் சென்று தங்கினார். 1829-இல் சேலத்தில் பிறந்த அவருடைய மகள் மார்கரெட்டு, கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தினார். அம்மலையின் பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் நுணுகி நோக்கிக் குறிப்புகள் எழுதினார். வண்ண ஓவியங்கள் தீட்டினார். 1928 வரை வாழ்ந்த அவருடைய ஓவியங்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. தந்தை ஏர்க்காட்டில் நட்ட மரங்களின் கனியை அக்குடும்பம் நெடுங்காலம் இருந்து உண்ணவில்லை. நட்டவர் ஒருவர், உண்டவர் வேறொருவர். மரம் வைப்போர் யாவர்க்கும் பொதுவான நிலை இது.

அன்று தொடங்கிய தோட்ட வாழ்வு பின்னர்ப் பல குடும்பங்களுக்கு உரியதாயிற்று. பெருந்தோட்டங்களுக்கு இடையே, சில ஏக்கர் நிலமே உடைய சிறு தோட்டக்காரரும் மலைமேல் வாழ்கின்றனர். அவர்களுள் கிறித்தவக் குடும்பங்களும் உண்டு. அத்தகைய இல்லங்கள் பலவற்றின் வாழ்வை ஒன்றுசேர்த்து, ஒரே இல்லத்தின் வாழ்வாக இங்கு வரைந்து காணலாம். அவ்வீட்டாருக்குப் பெயர் வேண்டுவதில்லை. பாட்டியார், தந்தை, தாய், மூத்த மகள், இளைய மகன் என்று அழைத்தால் போதும்.

சரிவில் நிற்கும் ஓட்டு வீடு அது. முன்னே ஒரு திண்ணை. பின்னே மாட்டுக் கொட்டில். கொட்டிலை ஒட்டி எருக்குழி. வீட்டைச் சுற்றிப் பீன்சும் முள்ளங்கியும் கொத்துமல்லியும் பாத்திகளில் வளர்கின்றன. பந்தலில் சௌசௌக் கொடி படர்ந்திருக்கிறது. அதற்கு அப்பால் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். காப்பிக்கு நிழலாகச் சில்வர் ஓக் மரங்கள். அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள். இடையிடையே பலா, கொய்யா, கமலா ஆரஞ்சு, பேரி, நாரத்தை. அயலார் பார்வைக்கு இது ஒழுங்கற்ற காடுபோலத் தோன்றும். ஆனால், ஒவ்வொரு மரமும் ஒரு காரணம் பற்றியே அங்கு நிற்கிறது.

விடியுமுன் பாட்டியார் எழுவார். அடுப்பு மூட்டியபின் வேதநூலை எடுத்து விளக்கருகே அமர்வார். குடும்பத்தார் அனைவரும் கூடுவர். ஒரு கீர்த்தனை பாடப்படும். சிறு ஜெபம் நடக்கும். நோயுற்ற அயலாரின் பெயர் அந்த ஜெபத்தில் இடம்பெறும். கன்று ஈனவிருக்கும் பசுவுக்கும் இடம் உண்டு. ஜெபம் முடிந்ததும் தந்தை மண்வெட்டியை எடுப்பார். தாய் பால் கறக்கச் செல்வார். மகன் கொட்டிலைக் கூட்டிச் சாணத்தை எருக்குழியில் இடுவான். “முழங்காலில் நின்றவன் எழுந்து மண்வெட்டி பிடிக்கவில்லையென்றால், அவன் பாதி ஜெபம்தான் செய்தான்” என்பது தந்தையின் கொள்கை.

காப்பித் தோட்டக்காரரின் ஆண்டு பூமழையில் தொடங்குகிறது. மாசி, பங்குனி வெயிலில் வாடி நிற்கும் செடிகளில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால், பத்து நாளுக்குள் மலைச்சரிவு முழுவதும் வெண்மையாக மலர்ந்துவிடும். மல்லிகை மணம் போன்ற மணம் காற்றில் நிறையும். மூன்று நான்கு நாள்களில் பூக்கள் உதிர்ந்துவிடும். பூ காயாகிக் கனிந்து சிவக்க எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். கார்த்திகை முதல் தை வரை பழம் பறிக்கும் காலம். பழத்தின் தோலை நீக்கி, வழவழப்பு நீங்க ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்து, கழுவி, களத்தில் பரப்பி உலர்த்துவர். ஆறு கிலோ பழம் பறித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ காப்பிக் கொட்டையே மிஞ்சும். நீக்கிய தோலும் வீணாவதில்லை; எருக்குழிக்குப் போய், மறு ஆண்டு செடியின் அடிக்குத் திரும்பி வருகிறது.

ஆகவே, குடும்பத்தின் ஓராண்டு வருவாய் பங்குனி, சித்திரையில் பெய்யவேண்டிய ஒரு மழையைப் பொறுத்து நிற்கிறது. நீர்வளமுடைய தோட்டத்தார் குழாய் வழியே நீரைத் தூவிச் செடிகளை மலரச் செய்வர். சிறு தோட்டக்காரருக்கு வானமே துணை. ஒரே பயிரை நம்புவது எத்துணை இடர் என்பதற்கு இலங்கை ஒரு சான்று. காப்பியால் செழித்திருந்த அத்தீவில், 1869-ஆம் ஆண்டு இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தோட்ட முதலாளிகளோடு, தமிழ்நாட்டிலிருந்து அங்குச் சென்று உழைத்த கூலி மக்களும் அதனால் துன்புற்றனர். இதனால்தான் சிறு தோட்டக்காரர் காப்பியோடு மிளகும், மிளகோடு பலாவும், பலாவோடு நாரத்தையும் வைக்கின்றனர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பலவகை மரங்கள் இருப்பினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கனி காத்திருப்பதில்லை. கொய்யா பழுக்கும்போது கூடை கூடையாகப் பழுக்கும். ஒரு வாரம் கழிந்தால் ஒன்றும் இராது. விற்கலாமெனின், எல்லார் வீட்டிலும் அது பழுக்கும் காலமாதலால் விலை கிடைப்பதில்லை. கனிந்ததைக் கெடாமல் காக்கும் கலை இங்குதான் வேண்டப்படுகிறது. அக்கலையில் பாட்டியார் வல்லவர்.

கொய்யாவை நறுக்கி, மூழ்கும் அளவு நீரில் வேகவைப்பார். வெந்தபின் மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுவார். சாறு துளித்துளியாக இறங்கும். இரவு முழுவதும் ஆனாலும் துணியைப் பிழிய விடமாட்டார். பிழிந்தால் சாறு கலங்கிவிடும். மறுநாள் அச்சாற்றில் சருக்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சுவார். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார். துளியாக விழுந்தால் பதம் வரவில்லை; ஏடுபோல் ஒட்டி விழுந்தால் வந்துவிட்டது. உடனே இறக்கி, வெந்நீரில் கொதித்த கண்ணாடிச் சாடிகளில் ஊற்றி, உருக்கிய மெழுகை மேலே பரப்பி மூடுவார். ஆறியபின் அது மாணிக்கம்போல் சிவந்து நிற்கும். கொய்யாவிலுள்ள பெக்டின் என்னும் பொருள், சருக்கரையோடும் புளிப்போடும் கூடிச் சாற்றை இறுகச் செய்கிறது. சருக்கரை மிகுதியாக இருப்பதால், நுண்ணுயிர்கள் தம் வாழ்வுக்கு வேண்டிய நீரைப் பெறமாட்டாமல் வளர்ச்சி குன்றுகின்றன. எனவே பண்டம் கெடுவதில்லை.

நாரத்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து, உள்ளே உப்பை அடைத்து, நாள்தோறும் குலுக்கி வெயிலில் வைப்பது அவருடைய தாய் கற்றுத்தந்த முறை. பலாக்கொட்டையை உலர்ந்த மணலில் புதைத்து வைப்பார். ஆடிக்குப்பின் மலையில் மூடுபனியும் மழையும் மிகுமாதலின், வற்றல் வகைகளையெல்லாம் பங்குனி வெயிலிலேயே உலர்த்தி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏற்றிவிடுவார். புகையும் சூடும் அவற்றைப் பூசணம் பிடிக்காமல் காக்கும்.

இக்கலை எல்லா நாட்டார்க்கும் பொதுவானது. பிரெஞ்சு நாட்டு நிக்கொலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிக் குப்பியில் இட்டுக் காற்றுப்புகாமல் அடைத்து, கொதிநீரில் வைத்தால் நெடுநாள் கெடாதிருக்கும் எனக் கண்டு, 1810-இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். அம்முறை பயன் தருவதற்குக் காரணம் யாதென அவரும் அறிந்திலர். வெப்பத்தால் நுண்ணுயிர்கள் மடிவதே காரணம் என்பது பின்னர் லூயி பாஸ்டரின் ஆய்வுகளால் விளங்கிற்று. இந்தியாவில் இத்துறையின் ஆராய்ச்சிக்கென மைசூரில் நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் நிறுவப்பட்டது. பாட்டியார் இவற்றைப் படித்தவர் அல்லர். ஆயினும், சாடியைக் கொதிநீரில் இடாமல் ஒருநாளும் நிரப்பியதில்லை.

ஒருநாள் இரவு ஜெபம் முடிந்தபின், மகன் ஓர் ஐயம் எழுப்பினான். அன்று படித்தது, பாலைவனத்தில் இசுரவேல் மக்களுக்கு வானிலிருந்து பொழிந்த மன்னாவின் வரலாறு.

“பாட்டி, மறுநாளுக்கு வேண்டும் என்று மன்னாவை எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப் போயிற்று என்று படித்தோமே. நாளைக்கென்று கவலைப்படலாகாது என்றும் நீங்கள் சொல்லுகிறீர்கள். அப்படியானால் நம் வீட்டில் இத்தனை சாடிகள் எதற்கு? நாம் கடவுளை நம்பவில்லையா?”

தாய் திகைத்தார். தந்தை மெல்ல நகைத்தார். பாட்டியார் சிறிதுநேரம் சிந்தித்து விடையிறுத்தார்:

“நல்ல கேள்வி, தம்பி. ஆனால் நீ பாதியில் நிறுத்திவிட்டாய். ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்த்து வைக்கச் சொன்னவரும் அவர்தாமே? ஓய்வுநாளுக்கென்று வைத்த அந்தப் பங்கு கெடவில்லையே! எகிப்தில் ஏழு ஆண்டு விளைவைச் சேர்த்து வைத்த யோசேப்பைப் பற்றியும் படித்திருக்கிறாய். அவர் சேர்த்தது பஞ்சத்தில் ஊரே உண்பதற்காக. கிடைக்காமற் போய்விடுமோ என்று அஞ்சிப் பதுக்குவது ஒன்று. கிடைத்ததை வீணாக்காமல் காப்பது மற்றொன்று. இரண்டுக்கும் சாடி ஒன்றுதான், மனந்தான் வேறு.”

“எந்த மனம் என்று எப்படித் தெரியும், பாட்டி?”

“சாடியைத் திறக்கும் நாளில் தெரியும்” என்றார் பாட்டியார்.

அந்த நாள் விரைவில் வந்தது. மறு ஆண்டு பூமழை பொய்த்தது. பங்குனி கழிந்தது, சித்திரை பாதி கடந்தது, மேகம் கூடிக் கூடிக் கலைந்தது. மொட்டுகள் செடியிலேயே கருகின. வைகாசியில் பெய்த மழை நிலத்தை நனைத்தது. ஆனால் மலரும் காலம் கடந்துவிட்டது. கார்த்திகை வந்தபோது, சிவந்த பழங்கள் தொங்க வேண்டிய கிளைகளில் இலைகளே இருந்தன. நூறு மூட்டை நிறையும் களத்தில் பத்து மூட்டையும் நிறையவில்லை.

பழம் பறிப்பதற்கென ஆண்டுதோறும் அத்தோட்டத்துக்கு வரும் கூலிக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவன், மனைவி, இரு குழந்தைகள். பறிக்கப் பழம் இல்லையாதலின் கூலியும் இல்லை. அப்பெண் ஒருநாள் வந்து திண்ணையோரம் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. வேலை உண்டோ என்றும் கேட்கவில்லை; தோட்டத்தைப் பார்த்தாலே விடை தெரிந்தது.

பாட்டியார் உள்ளே சென்று பரணை நோக்கினார். அங்கே வற்றலும் பலாக்கொட்டையும் இருந்தன. அருகே தட்டில் பதினான்கு சாடிகள் வரிசையாக நின்றன. மூத்த மகள் சேலத்தில் செவிலியர் பயிற்சியில் சேரவிருந்தாள். கிறித்துமசுக் காலத்தில் அச்சாடிகளை விற்று, அவள் கட்டணத்தின் ஒரு பகுதியைச் சேர்ப்பது என்று குடும்பத்தார் எண்ணியிருந்தனர்.

“அத்தை, இவ்வாண்டு நமக்கே போதாதே. பிள்ளையின் படிப்புக்கு வேறு என்ன வைத்திருக்கிறோம்?” என்று தாய் தணிந்த குரலில் கேட்டார். அதில் கடுமை இல்லை, அச்சம் இருந்தது. அவ்வச்சம் நியாயமானதே. பாட்டியாரும் அதனை அறிவார்.

“உண்மைதான், அம்மா. படிப்புக்கு வழி தேடவேண்டும். ஆனால், இவள் குழந்தைகள் இன்றிரவு உண்ண வேண்டுமே” என்றார்.

வற்றலில் பாதியும் பலாக்கொட்டையில் பாதியும் அப்பெண்ணின் கூடைக்குச் சென்றன. எட்டுச் சாடிகளை விற்பனைக்கு நிறுத்தி, ஆறு சாடிகளை அவளிடமே கொடுத்து, ஏர்க்காட்டுக்கு வரும் பயணிகளிடம் விற்று அரிசி வாங்கிக்கொள்ளுமாறு பாட்டியார் சொன்னார். பேரன் ஒன்றும் பேசவில்லை. தானே முன்வந்து சாடிகளை வைக்கோல் சுற்றிக் கூடையில் அடுக்கிக் கொடுத்தான். சாடியைத் திறக்கும் நாள் எது என்பதை அவன் அன்று அறிந்தான்.

அவ்வாண்டும் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. அறுவடையின் முதற்பலனைக் கொணர்ந்து நன்றியோடு படைக்கும் விழா அது. படைத்த பொருள்களைப் பின்னர் ஏலம் விடுவர். ஏலத் தொகை ஆலயப் பணிக்கும் அறப்பணிக்கும் செல்லும். வளமான ஆண்டுகளில் வாழைத்தாரும் காப்பி மூட்டையும் பலாவும் பீடத்தின் முன் குவியும். அவ்வாண்டு குவியல் சிறிதாக இருந்தது. பாட்டியார் ஒரு பூசணியும் ஒரு சாடியும் கொணர்ந்தார். கூலிப் பெண் ஒரு கோழிமுட்டை கொணர்ந்தாள். அம்முட்டையை ஏலத்தில் எடுத்தவர், மீண்டும் அதனைக் காணிக்கையாகவே வைத்தார். வேறொருவர் எடுத்து, அவரும் வைத்தார். இவ்வாறு அம்முட்டை ஐந்து முறை விலைபோயிற்று. அறுவடை இல்லாத ஆண்டில் நன்றி எதற்கு என்று அங்கு ஒருவரும் கேட்கவில்லை. உள்ளதைப் பகிர்ந்துகொள்ள அண்டை வீட்டார் இருந்தமையே நன்றிக்குப் போதிய காரணமாயிற்று.

சில நாள்களில், மேலூரில் வாழும் மலையாளி உழவர் ஒருவர் ஒரு மூட்டைச் சாமையுடன் வந்தார். குறைந்த மழையிலும் விளையும் பயிர் சாமை. காப்பி பொய்த்த ஆண்டில் அது அவரைக் கைவிடவில்லை. பல்லாண்டுகளாகப் பாட்டியாரின் உப்பு நாரத்தங்காய் அவர் வீட்டுக் கஞ்சிக்குத் துணையாகச் சென்றிருந்தது. “இங்கு நெல்லும் காப்பியும் இல்லாத காலத்தில் எங்கள் பாட்டன்மார் இதனை உண்டே வாழ்ந்தனர், அம்மா” என்று கூறி மூட்டையை இறக்கினார். பாட்டியார் உதவியது ஒருவருக்கு. பாட்டியாருக்கு உதவியவர் வேறொருவர். இத்தகைய கொடுக்கல் வாங்கலுக்கு எந்தக் கணக்கேட்டிலும் பற்று வரவு இல்லை.

மகளின் கட்டணம் எஞ்சி நின்றது. தந்தை தோட்டத்தின் எல்லைக்குச் சென்றார். அங்கே ஆறு சில்வர் ஓக் மரங்கள் வானளாவி நின்றன. அவற்றை நட்டவர் அவருடைய தந்தை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கன்றுகளாக நட்டுக் குடத்தில் நீர் சுமந்து ஊற்றியவர். அவற்றால் ஒரு காசும் காணாமல் மறைந்தவர். உரிய அனுமதி பெற்று அம்மரங்கள் விற்கப்பட்டன. அவற்றில் படர்ந்திருந்த மிளகுக் கொடிகள் போயின. அவ்விடத்துக் காப்பிச் செடிகள் சில ஆண்டுகளுக்கு வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. இழப்பு இழப்பே. ஆயினும், கண்ணால் காணாத பேத்தியின் கல்விக்கு அந்தப் பாட்டனார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பொருள் சேர்த்து வைத்திருந்தார் என்பதை எண்ணியபோது, தந்தையின் கண்கள் கலங்கின.

சூன் மாதம் வந்தது. சேலத்துக்குப் புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில், மகள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் எல்லைக்குச் சென்றாள். தம்பி கன்றுகளைச் சுமந்து வந்தான். வெட்டிய மரங்களின் அருகே ஆறு குழிகள் தோண்டி, எருவிட்டு, ஆறு கன்றுகளை நட்டனர். திண்ணையில் இருந்து நோக்கிய பாட்டியார், “இவை மரமாகும்போது நான் இரேன்” என்றார். அச்சொல்லில் வருத்தம் இல்லை. உள்ளே சென்று, துணியில் கட்டித் தொங்கவிட்ட கொய்யாச் சாறு இறங்கிவிட்டதா என்று பார்த்தார்.

மழைக்கு உத்தரவாதம் இல்லை. விலைக்கும் உத்தரவாதம் இல்லை. இன்றும் ஏர்க்காட்டின் சிறு தோட்டக்காரர் பங்குனி வானத்தை நோக்கியே ஆண்டைத் தொடங்குகின்றனர். மலையுச்சிக் கோயிலில் வேண்டுவோரும், தேவாலயத்தில் மண்டியிடுவோரும் எதிர்பார்ப்பது ஒரே மழையைத்தான். மழை பெய்தால் மகிழ்வர். பொய்த்தால் ஒருவரையொருவர் தாங்குவர். நம்பிக்கை என்பது கைகட்டிக் காத்திருப்பதன்று. நடுவதும், காப்பதும், வேளை வரும்போது மூடியைத் திறந்து கொடுப்பதும் ஆகும். இதனை அம்மலைத்தோட்டத்து இல்லம் வாயால் போதிக்கவில்லை, வாழ்ந்து காட்டியது.